மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி குளவி இருக்கான்னு பாருங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல விவசாயப் பக்கத்துல குச்சிக்கிழங்குல மாவுப்பூச்சி தாக்குதல்னு ஒரு செய்தி வந்திருந்துச்சு, போட்டோ எல்லாம் நல்லாத்தான் போட்டிருந்தீங்க, விவசாயிங்க கவலைப்படறதையும் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா கடைசியில தீர்வுன்னு வரும்போது மருந்து பேரு சிலது, டேங்குக்கு எத்தன மில்லி, எத்தன நாளைக்கு ஒரு தடவ அடிக்கணும், அதோட செய்தி முடிஞ்சுருச்சு. இந்த மாவுப்பூச்சிய அழிக்கறதுக்குன்னே ஒரு சின்ன குளவிய ஆப்பிரிக்காவுல இருந்து வரவழச்சு, நம்ம சேலம் மாவட்டத்துல ஏத்தாப்பூர்லயே வச்சு விட்டிருக்காங்க. அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் கொஞ்சம் நீளமா போனாலும் பரவாயில்லைன்னு எழுதறேன், முடிஞ்சா முழுசா போடுங்க.

நாங்க ராசிபுரம் பக்கம் தலைமுறையா குச்சிக்கிழங்கு போடறவங்க. வெளியூர்க்காரங்க மரவள்ளின்னு சொல்றது இதத்தான். எங்களுக்கு வெல எட மட்டும் பாத்து கெடைக்கறது இல்ல, ஜவ்வரிசி மில்லுல கிழங்க எடுத்து மாவு எவ்வளவு இருக்குன்னு பாயிண்ட் பாப்பாங்க, பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னு தான் காசு. மாவுப்பூச்சி விழுந்த காட்டுல எடையும் போகும், பாயிண்ட்டும் போகும், ரெண்டு பக்கமும் அடி. குருத்துல உக்காந்து சாற உறிஞ்சும், இலை சுருண்டு நுனியில கொத்தா நிக்கும், கணு நெருங்கி தண்டு கோணும், கோடையில வெயில் ஏற ஏற வேகமா பரவும், மழை நல்லா பேஞ்சா கொஞ்சம் அடங்கும். பத்து மாசம் காட்டுல நிக்கற பயிரு, அதனால ஒரு தடவ வந்துட்டா அது பெருகறதுக்கு நேரம் நெறைய இருக்கு.

இதுல முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லணும். நம்ம பக்கம் குச்சிக்கிழங்க அழிச்ச மாவுப்பூச்சி ஒண்ணு இல்ல, ரெண்டு. 2008ல கோயம்புத்தூர்ல முதல் முதலா பாத்தது பப்பாளி மாவுப்பூச்சி, அது மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, எப்படி வந்துச்சோ வந்துருச்சு. பேரு தான் பப்பாளி, ஆனா பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி, கொய்யா, கத்திரி, செம்பருத்தி, காட்டாமணக்கு, பார்த்தீனியம்னு எதையும் விடல. ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல்னு கொங்கு நாடு முழுக்க மரமெல்லாம் வெள்ளை பூசுன மாதிரி நின்னுச்சு, அப்ப காட்டுல இருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அதுலயும் பட்டுப்புழு வளக்கறவங்க நெலமதான் ரொம்ப மோசம், மல்பெரிக்கு மருந்து அடிச்சா அந்த இலைய தின்னு புழு செத்துரும், அடிக்கலன்னா இலையே இருக்காது. நெறைய பேரு செடிய தோண்டிப் போட்டுட்டாங்க.

அப்ப என்ன மருந்து தான் அடிக்கல? கடைக்காரர் கொடுத்த எல்லாத்தையும் மாத்தி மாத்தி அடிச்சாங்க, சோப்புத் தண்ணி, வேப்பெண்ணெய், மீன் எண்ணெய் சோப்பு எல்லாம் போட்டுப் பாத்தாங்க. கொஞ்சம் அடங்கற மாதிரி இருக்கும், திரும்ப பழையபடி வந்துரும். கடைசியில 2010ல பெங்களூர்ல இருக்கற மத்திய அரசு பூச்சி ஆராய்ச்சி நிலையம் அமெரிக்க வேளாண் துறை மூலமா போர்ட்டோ ரிக்கோவுல இருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிய வரவழச்சாங்க. அதுல அசரோபேகஸ் பப்பாயேன்னு ஒண்ணு நம்ம ஊருக்கு அப்படியே ஒத்துப் போச்சு. கோவை வேளாண் பல்கலைக்கழகம், அவங்க ஆராய்ச்சி நிலையங்க, கேவிகேன்னு சொல்ற வேளாண் அறிவியல் நிலையங்க எல்லாம் சேந்து உருளைக்கிழங்க முளைக்க வச்சு, அந்த முளைமேல மாவுப்பூச்சிய வளத்து, அதுல குளவிய பெருக்கி, ஊர் ஊரா கொடுத்தாங்க. ஏக்கருக்கு நூறு குளவி போதும்னு தான் சொன்னாங்க. நூறு குளவி வச்சு என்ன ஆகப்போகுதுன்னு ஊருல பேசுனவங்க நெறைய பேரு, ஆனா சில மாசத்துல பப்பாளி துளிர்விட்டுச்சு, மல்பெரி துளிர்விட்டுச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள அந்தப் பூச்சிய தேடிப் பிடிக்க வேண்டியதாயிருச்சு. இன்னைக்கு பப்பாளி போடற சின்ன வயசுப் பசங்களுக்கு அப்படி ஒரு கொடுமை வந்து போனதே தெரியாது.

அந்தக் குளவி வேல செய்யறத பக்கத்துல இருந்து பாத்தவங்க மறக்க மாட்டாங்க. குளவின்னதும் கொட்டற குளவிய நெனச்சுக்காதீங்க, இது எள்ளுல பாதி கூட இருக்காது, மனுஷன கொட்டவும் கொட்டாது. பொண் குளவி மாவுப்பூச்சி மேல ஏறி கொம்பால தட்டித் தட்டிப் பாக்கும், இதுக்கு முன்னாடி வேற குளவி முட்ட போட்டிருக்கா, பூச்சி சரியான வளர்ச்சியில இருக்கான்னு சோதிக்கற மாதிரி, அப்பறம் பின்பக்கத்த மடக்கி குத்தி உள்ள முட்டைய வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிரும். உள்ள இருக்கற முட்டை பொரிச்சு புழு வந்து மாவுப்பூச்சிய உள்ள இருந்தே தின்னும். பூச்சி கொஞ்ச நாள் நடமாடும், அப்பறம் நின்னுரும், மேல இருக்கற வெள்ளை மாவு கொறஞ்சு, உடம்பு உப்பி, தோல் கெட்டியாகி பழுப்பு நெறத்துக்கு வந்துரும். இதத்தான் மம்மின்னு சொல்றாங்க. முட்ட போட்டதுல இருந்து ரெண்டு மூணு வாரத்துல அந்த மம்மியில வட்டமா ஒரு ஓட்டை போட்டு புதுக் குளவி வெளிய வரும். ஓட்டை விழுந்த மம்மி நெறைய இருந்தா உங்க காட்டுல குளவி வேலைய ஆரம்பிச்சு முடிச்சுட்டு அடுத்த தலைமுறைக்கே போயிருச்சுன்னு அர்த்தம்.

நம்பிக்கை இல்லாதவங்க வீட்டுலயே பாக்கலாம். மாவுப்பூச்சி இருக்கற குருத்த ஒடிச்சு ஒரு கண்ணாடி பாட்டில்ல போட்டு, வாய மெல்லிசான வேட்டித் துணியால இறுக்கிக் கட்டி, வெயில் நேரா படாத ஜன்னல் ஓரமா வைங்க. எங்க வீட்டுல இப்படித்தான் வச்சோம். குருத்து வாடிக் காய ஆரம்பிச்சுது, கொஞ்ச நாள் ஒண்ணும் தெரியல, அப்பறம் ஒரு நாள் காலையில பாத்தா வெளிச்சம் வர்ற பக்கம் கண்ணாடியில கருப்பு கருப்பா சின்னப் புள்ளிங்க நடந்துட்டு இருக்கு, கொம்பு ரெண்டையும் விடாம ஆட்டிட்டே இருக்கு. மொபைல் கேமராவுல ஜூம் பண்ணிப் பாத்தா கால், றெக்கை எல்லாம் தெரியுது. அத அப்படியே காட்டுக்கு எடுத்துட்டுப் போயி துணிய அவுத்து விட்டோம். இத பாத்ததுக்கப்பறம் எங்க வீட்டுல யாரும் கண்ண மூடிட்டு மருந்து அடிக்கறது இல்ல.

சரி, ரெண்டாவது பூச்சிக்கு வர்றேன், இப்ப உங்க செய்தியில வந்தது அதுதான்னு நெனக்கறேன். 2020ல கேரளாவுல திருச்சூர்ல முதல்ல கண்டுபிடிச்சாங்க, அப்பறம் நம்ம சேலம், நாமக்கல், தர்மபுரின்னு எறங்கிருச்சு. இது மரவள்ளி மாவுப்பூச்சி, தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. பப்பாளி மாவுப்பூச்சி உடம்பு மஞ்சள், இது இளஞ்சிவப்பு. இதுல ஆணே கெடையாது, எல்லாம் பொண்ணு தான், சேராமலே முட்ட போடும், ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்குல போடும், அதனால நடற குச்சியோட ஒரே ஒரு பூச்சி ஒட்டிட்டு வந்தாலும் காடு முழுக்க நெறஞ்சுரும். பப்பாளி மாவுப்பூச்சிக்கு வந்த குளவி இத தொடாது. குளவிக்கு குளவி வேற, பூச்சிக்கு பூச்சி வேற. இது தெரியாம போன தடவ குளவி வேல செஞ்சுச்சு இந்த தடவ ஏன் செய்யலன்னு நம்ம ஆளுங்களே திட்டுனாங்க.

இந்தப் பூச்சிக்கான குளவியோட கதை பெருசு, ஆனா சொல்லியே ஆகணும். ஆப்பிரிக்காவுல 1970கள் ஆரம்பத்துல காங்கோ பக்கம் இந்த மாவுப்பூச்சி வந்து எறங்குச்சு. அங்க மரவள்ளி ஜவ்வரிசி மில்லுக்குப் போற சரக்கு இல்லீங்க, அது சோறு, இருபது கோடி சனம் அத நம்பி இருந்துச்சு. சில இடத்துல 80 சதவீதம் வரைக்கும் மகசூல் போச்சு, நடறதுக்கு குச்சி கூட மிஞ்சல. நைஜீரியாவுல இபாதான் ஊருல இருக்கற சர்வதேச ஆராய்ச்சி நிலையத்துல ஹான்ஸ் ஹெரன்னு சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் இருந்தாரு, மருந்து அடிச்சு தீராது, இந்தப் பூச்சி எந்த ஊர்ல இருந்து வந்துச்சோ அங்க போயி அதோட எதிரிய தேடுவோம்னு சொன்னாரு. தேடப் போனவங்களுக்கு முதல்ல தென் அமெரிக்காவோட வடக்குப் பக்கம் பாக்கறதுக்கு அச்சு அசல் இதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கெடச்சுது, ஆனா அது வேற எனம், அதோட குளவி ஆப்பிரிக்காவுல இருக்கறதுக்கு வேல செய்யல. கடைசியில 1981ல பராகுவே நாட்டுல சரியான பூச்சியும் கெடச்சுது, அதுமேல வளர்ற குளவியும் கெடச்சுது. அனாகைரஸ் லோபெசின்னு பேரு. லண்டனுக்குக் கொண்டு போயி தனியா அடச்சு வச்சு சோதிச்சு, அப்பறம் நைஜீரியாவுல விட்டாங்க. வருஷா வருஷம் நாடு நாடா பரப்புனாங்க, ஏரோப்ளேன்ல இருந்து கூட விட்டாங்க. பெரும்பாலான இடத்துல மாவுப்பூச்சி அடங்கி மரவள்ளி திரும்ப நின்னுச்சு. ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க.

தாய்லாந்துல 2008ல இதே பூச்சி வந்துச்சு, அடுத்த வருஷமே ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து அதே குளவிய வாங்கி விட்டாங்க. நமக்கும் அதே பெனின்ல இருந்து தான் வந்துச்சு. பெங்களூர்ல வச்சு சோதிச்சு பெருக்கி, 2022 மார்ச் மாசம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல வச்சு விட்டாங்க. பராகுவேல இருந்து லண்டன், லண்டன்ல இருந்து நைஜீரியா, அங்க இருந்து பெனின், பெனின்ல இருந்து பெங்களூர், பெங்களூர்ல இருந்து ஏத்தாப்பூர். நாப்பது வருஷம் எத்தனையோ பேரு பாடுபட்டு நம்ம காட்டு வரப்பு வரைக்கும் கொண்டாந்து கொடுத்தத நாம ஒரே நாள்ல பவர் ஸ்பிரேயர் வச்சு கொன்னுட்டு இருக்கோம். இதத்தான் உங்க கிட்ட சொல்ல வந்தேன்.

மருந்து அடிச்சா ஏன் மாவுப்பூச்சி போறது இல்லன்னு யோசிச்சுப் பாருங்க. அதோட உடம்பு முழுக்க மெழுகு, தண்ணி ஒட்டாது, மருந்தும் சரியா ஒட்டாது. முட்டையெல்லாம் பஞ்சுப் பை மாதிரி ஒண்ணுக்குள்ள பத்திரமா இருக்கும். சுருண்டு போன குருத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கறதுக்கு மேல இருந்து அடிக்கற மருந்து போயே சேராது. ஆனா குளவி அப்படி ஒளியற ஜீவன் இல்ல, இலை மேல நடந்துட்டே இருக்கும், மருந்து பட்ட எல இடுக்குல நடந்தாலே போதும், செத்துரும். அதோட பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாம் போயிரும். மிச்சம் இருக்கறது மெழுகுக்குள்ளயும் பஞ்சுக்குள்ளயும் இருந்த மாவுப்பூச்சி மட்டும் தான், எதிரியே இல்லாத காட்டுல அது இன்னும் வேகமா பெருகும், நாம மருந்து பத்தலன்னு அளவ கூட்டி அடிப்போம், அப்பறம் செம்பேனும் சேந்து வரும். மருந்துச் செலவு, ஆள் கூலி, பெட்ரோல் எல்லாம் போட்டும் கிழங்குல பாயிண்ட் ஏறாது.

எறும்பும் இதுல கூட்டாளி. மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்கு காவல் நிக்கும், குளவிய கிட்ட விடாது, பூச்சிய எடுத்துட்டுப் போயி வேற செடியிலயும் விடும். எறும்பு ஏறாம பாத்துக்கிட்டாலே குளவிக்கு பாதி வேல மிச்சம்.

இன்னொரு வருத்தமான விஷயம், மாவுப்பூச்சின்னு நெனச்சு அத திங்கறவனயே நாம நசுக்கிடறோம். ஆஸ்திரேலிய பொறிவண்டுன்னு சொல்ற கிரிப்டோலேமஸ், வண்டா இருக்கும்போது கருப்பும் ஆரஞ்சுமா இருக்கும், ஆனா அதோட புழு மேல வெள்ளை வெள்ளையா மெழுகு இழை தொங்கும், அசப்புல பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். வித்தியாசம் ஒண்ணு தான், தொட்டா இது குடுகுடுன்னு ஓடும், மாவுப்பூச்சி அசையாது, அசஞ்சாலும் மெதுவா தான். இந்த வண்டு 1898லயே காப்பித் தோட்டத்துக்காக இந்தியாவுக்கு கொண்டு வந்தது, நூறு வருஷத்துக்கு மேல நம்ம ஊர்ல இருக்கு. அதே மாதிரி ஸ்பால்கிஸ்னு ஒரு சின்ன பட்டாம்பூச்சி இருக்கு, நம்ம ஊருப் பூச்சி. பட்டாம்பூச்சியோட புழுன்னா எல்லாம் இலைய திங்கும்னு தான நெனப்போம், இதோட புழு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளயே கெடந்து மாவுப்பூச்சிய தின்னு வளரும். பப்பாளி மாவுப்பூச்சி வந்தப்ப குளவி வர்றதுக்கு முன்னாடியே அத தின்ன ஆரம்பிச்சது இதுதான். இதோட கூட்டுப்புழுவ உத்துப் பாத்தா கொரங்கு மூஞ்சி மாதிரியே இருக்கும். பசங்களுக்கு காட்டுனா அவ்வளவு ஆச்சரியப்படறாங்க. அதயும் புழுன்னு பாத்த ஒடனே மருந்து அடிச்சுடறோம்.

வெளிநாட்டுப் பூச்சிய கொண்டாந்து விட்டா நாளைக்கு அது நம்ம பயிரையே திங்காதான்னு நெறைய பேரு கேக்கறாங்க. நியாயமான கேள்வி, பயந்துக்கறது தப்பே இல்ல. 1935ல ஆஸ்திரேலியாவுல கரும்புல வண்டு இருக்குன்னு ஹவாய்ல இருந்து பெரிய தேரைய கொண்டு வந்து விட்டாங்க, அது கரும்பு வண்ட கட்டுப்படுத்தல, மத்ததயெல்லாம் தின்னு இன்னைக்கு வரைக்கும் அங்க பெரிய தொல்லையா நிக்குது. ஆனா தேரை கண்டதையும் திங்கற பிராணி. இந்தக் குளவி அப்படி இல்ல, அதோட புழு மாவுப்பூச்சி உடம்புக்குள்ள மட்டும் தான் வளரும், அதுலயும் குறிப்பிட்ட எனத்துல தான், செடிய அது திங்கவே திங்காது. வேற எதயும் தாக்குதான்னு அடைப்புக்குள்ள வச்சு சோதிச்சு, அனுமதி வாங்குனதுக்கப்பறம் தான் வெளிய விடுவாங்க. நம்ம நீலகிரியிலயே 1930 வாக்குல வாட்டில் மரத்துல பஞ்சு செதில் பூச்சி வந்தப்ப ரொடோலியான்னு ஒரு பொறிவண்ட கொண்டு வந்து விட்டாங்க. அதே வண்டு தான் 1888ல ஆஸ்திரேலியாவுல இருந்து கலிபோர்னியா போயி அங்க ஆரஞ்சுத் தோட்டத்தையெல்லாம் காப்பாத்துனது.

தென்னையிலயும் இதே பாடம் தான். 2016ல பொள்ளாச்சியில சுருள் வெள்ளை ஈ வந்தப்ப மருந்து அடிக்காதீங்க, அத அழிக்கற என்கார்சியா குளவி தானாவே பெருகும், வெளக்கெண்ணெய் தடவுன மஞ்சள் அட்டை கட்டுங்க, தண்ணிய வேகமா பீச்சி அடிங்கன்னு தான் விஞ்ஞானிங்க சொன்னாங்க. நெல்லுல புகையான்ங்கற பூச்சிய எடுத்துக்கோங்க, அது முட்டைய தண்டு உறைக்குள்ள வச்சுரும், மருந்து அடிச்சா முட்டை பொழச்சுக்கும், புகையான திங்கற சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் சாகும், அப்பறம் பொரிச்சு வர்ற குஞ்சுக்கு எதிரியே இல்ல. இதப் புரிஞ்சுக்கிட்டு தான் 1986ல இந்தோனேசியாவுல ஜனாதிபதி உத்தரவு போட்டு 57 மருந்த நெல்லுக்கு அடிக்கக்கூடாதுன்னு நிறுத்துனாங்க. ஒரு நாட்டு அரசாங்கமே செஞ்ச காரியம் இது, அதுவும் நம்மள மாதிரி அரிசிச் சோறு திங்கற நாடு.

இவ்வளவு இருந்தும் இது ஏன் நம்ம விவசாயிக்கு தெரியலன்னு எனக்குத் தோணறத சொல்றேன். குளவிய விக்க ஆள் இல்ல. மருந்துக்கு கம்பெனி இருக்கு, சுவத்துல வெளம்பரம் இருக்கு, கடன் கொடுக்கற கடை இருக்கு, ஊருக்கு வந்து மீட்டிங் போட்டு டீயும் தொப்பியும் கொடுக்கற ஆளு இருக்கு. குளவி ஒரு தடவ காட்டுல நெலச்சுட்டா திரும்ப வாங்க வேண்டியதே இல்ல, அதனால அதுல யாருக்கும் லாபம் இல்ல. எல்லாருக்கும் பொதுவான சொத்து, அதனால யாரும் பொறுப்பா பாத்துக்கறது இல்ல. ஒரு கடையில போயி நான் குளவி விட்ட காடு இது, எத அடிச்சா அதுக்கு ஆகாதுன்னு கேட்டதுக்கு அந்தக் கடைக்காரர் குளவியா, அது என்ன மருந்துன்னு திருப்பிக் கேட்டாரு. அவர குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

இதுக்கு வழி நம்ம பக்கத்துலயே இருக்கு. கரும்பு விவசாயிங்கள கேட்டுப் பாருங்க, இடைக்கணுப் புழுவுக்கு ட்ரைக்கோகிராமா முட்டை ஒட்டுண்ணி அட்டைய எத்தனையோ சர்க்கரை ஆலைங்களே லேப் வச்சு உற்பத்தி பண்ணி தங்கள் கரும்பு ஏரியாவுக்கு கொடுத்துட்டு வர்றாங்க. அரிசி அந்துப்பூச்சியோட முட்டைய அட்டையில ஒட்டி, அதுல குளவிய முட்ட போட வச்சு, அந்த அட்டைய சின்னச் சின்னதா வெட்டி கரும்பு சோகையில குத்தி வச்சா போதும். பெரிய டெக்னாலஜி எல்லாம் இல்ல, சுத்தமும் ஒழுங்கும் தான் வேணும். ஆலைக்கு கரும்பு நல்லா வந்தா ஆலைக்கு தான லாபம், அதனால செய்யறாங்க. அதே கணக்கு சேகோன்னு சொல்ற ஜவ்வரிசி மில்லுக்கும் பொருந்தும் இல்லீங்களா? கிழங்குல பாயிண்ட் கொறஞ்சா மில்லுக்கும் மாவு கொறயுது. சேலத்துல சேகோசர்வ்னு ஜவ்வரிசி மில்லுங்களோட கூட்டுறவு சங்கம் இருக்கு, இத்தன மில்லுங்க அதுல உறுப்பினரா இருக்காங்க, ஏத்தாப்பூர்ல குளவிய எப்படி வளக்கறதுன்னு தெரிஞ்ச விஞ்ஞானிங்க இருக்காங்க, தோட்டக்கலைத் துறைக்கு ஒவ்வொரு வட்டாரத்துலயும் ஆபீஸ் இருக்கு. இந்த மூணு பேரும் சேந்து ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம், நாமகிரிப்பேட்டைன்னு கிழங்கு அதிகமா போடற எடத்துல ஒவ்வொரு குளவி வளப்பு மையம் வச்சா என்ன? மகளிர் குழுவுக்கு பயிற்சி கொடுத்தா அவங்களே அருமையா நடத்துவாங்க, வலைக்கூண்டுக்குள்ள மரவள்ளிச் செடி வச்சு, அதுல மாவுப்பூச்சிய ஏத்தி, குளவிய விட்டு, வெளிய வர்ற குளவிய பாட்டில்ல பிடிச்சுக் கொடுக்கணும், அவ்வளவு தான். கோடைக்கு முன்னாடி பூச்சி தலைகாட்டும்போதே கையில குளவி இருந்தா மருந்துக்கடைக்கு ஓட வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

ஒண்ணு சொல்லிடறேன், எந்த மருந்தும் எப்பவும் அடிக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. நடவு குச்சிய நல்லா பாத்து பூச்சி இல்லாததா தேர்ந்தெடுக்கணும், மருந்துல நனச்சு நட வேண்டியிருந்தா நனச்சு நடலாம், அது காட்டுல பறக்கற குளவிய பாதிக்காது. வெளியூர்ல இருந்து குச்சிக்கட்டு வாங்கறவங்க கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டு பாக்கணும், பூச்சி மாவட்டம் தாண்டறதே இந்தக் கட்டு வழியா தான். காட்டுல அங்கொண்ணு இங்கொண்ணு குருத்து சுருண்டா அத கிள்ளி எடுத்தாலே பாதி போயிரும், ஆனா கிள்ளுன குருத்துல மம்மி இருந்தா எரிச்சுடாதீங்க, வலை கட்டுன கூடையில காட்டு ஓரமா வைங்க, மாவுப்பூச்சி அதுக்குள்ளயே காஞ்சு சாகும், குளவி வெளிய வந்து பறந்துரும். பக்கத்துக் காட்டுல குளவி இல்லன்னா அவங்களுக்கும் அந்த மாதிரி குருத்து கொடுங்க. குளவி விட்ட காட்டுல மருந்து அடிக்கவே கூடாது, வேப்பெண்ணெய் கரைசல் கூட அந்த சுருண்ட குருத்துக்கு மட்டும் போதும், காடு முழுக்க வேண்டாம். மகசூல் போயிருமேன்னு பயமா தான் இருக்கும், முதல் மாசம் ஒண்ணும் நடக்காத மாதிரி தான் தெரியும், ஏன்னா ஒரு தலைமுறை முடிஞ்சு அடுத்த தலைமுறை வரும்போது தான் குளவி எண்ணிக்க கூடும். அந்த சமயத்துல தான் பக்கத்துக் காட்டுக்காரர் அடிச்சுட்டாரேன்னு நம்மளும் டேங்க தூக்குவோம், அங்க தான் எல்லாம் கெட்டுப் போகுது.

இப்ப ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கோரிக்க. எங்க ஊர்ல டீக்கடையில உங்க பேப்பர் விவசாயப் பக்கத்த கத்தரிச்சு மருந்துக்கடைக்கு எடுத்துட்டுப் போயி இதுல போட்டிருக்கற மருந்து கொடுங்கன்னு கேக்கறவங்க இருக்காங்க, அந்த அளவுக்கு உங்க எழுத்துக்கு மதிப்பு இருக்கு. அதனால இனிமே பூச்சித் தாக்குதல்னு எந்தச் செய்தி போட்டாலும் அந்தப் பூச்சியோட எதிரி எது, அது பாக்க எப்படி இருக்கும், அது இருந்தா எத்தன நாள் பொறுக்கணும்னு சேத்துப் போடுங்க. ஏத்தாப்பூர் விஞ்ஞானிங்க கிட்ட உங்க நிருபர அனுப்பி ஒரு முழுப் பக்கம் எழுத வைங்க, குளவி எங்க கெடைக்கும், யார் கிட்ட கேக்கணும்னு வெவரத்தோட. இந்தக் கடிதத்தோட மூணு போட்டோ வச்சிருக்கேன், ஒண்ணு சாதாரண மாவுப்பூச்சி, ஒண்ணு ஓட்டை விழுந்த மம்மி, ஒண்ணு பொறிவண்டுப் புழு. கலர்ல, கொஞ்சம் பெருசா, மூணையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, வயசானவங்களுக்கும் வித்தியாசம் தெரியணும். அடுத்த நடவுக்கு முன்னாடி வந்துச்சுன்னா எங்க பக்கம் நெறைய பேருக்கு ஒதவும்.

இப்படிக்கு,
குச்சிக்கிழங்கு விவசாயி,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.